எண்ணெய்க் கிணறும் நம் கைமுதலும்



எண்ணெய் என்றால் நமக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் பாமாயிலும்தான். டின் என்ன விலை, நாளைக்கு ஏறுமா இறங்குமா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். இந்தக் கட்டுரை அந்த எண்ணெயைப் பற்றியது அல்ல. பூமிக்கு அடியில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத எண்ணெயைத் தேடும் சிறு கம்பெனிகளைப் பற்றியது. பலசரக்குக் கடைக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

முப்பது வருஷமாக என்னிடம் பருப்பும் மிளகாய் வற்றலும் எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர். சிட்டை போட்ட பதினைந்தாம் நாள் பணம் வந்துவிடும். கணக்குப்பிள்ளை கேட்க வேண்டியதே இல்லை. அப்பேர்ப்பட்டவரிடம் போன தீபாவளிக்கு முன்னால் மூன்று சிட்டை பாக்கி நின்றது. ஆள் அனுப்பினால், "அடுத்த வாரம் தர்றேன்னு அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க" என்றார். நான்காம் வாரம் நானே கடைக்குப் போனேன். பண்டிகைக்கு நிரம்பி வழிய வேண்டிய தட்டுகளில் பாதி காலி. உட்காரச் சொல்லி, காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "பணம் எங்கேயும் போகலை அண்ணாச்சி. ஷேர்ல இருக்கு. எண்ணெய்க் கிணறு தோண்டுறாங்க. கிணத்துல எண்ணெய் வந்துட்டா நாலு மடங்கு."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. 2007-இல் நான் செய்ததும் அதேதான். கம்பெனி பெயர் வேண்டாம். 38 ரூபாய் விலையில் 5,000 பங்கு வாங்கினேன். மொத்தம் 1,90,000 ரூபாய். மூன்று வருஷம் கழித்து 6 ரூபாய்க்கு விற்று 30,000 ரூபாயோடு வெளியே வந்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், கிணற்றில் எண்ணெய் வந்தது. கொஞ்சம்தான் என்றாலும் வந்தது. எண்ணெய் வந்தும் என் பணம் எப்படிப் போயிற்று என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. விளங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் போட்டுச் சரக்கு வாங்குகிறோம், விற்கிறோம், விற்ற காசில் மறுபடி சரக்குப் பிடிக்கிறோம். தேடும் கம்பெனிக்கு விற்பதற்கு ஒன்றுமே இல்லை. கையில் இருப்பது, இந்த இடத்தில் தேடலாம் என்று அரசாங்கம் கொடுத்த உரிமமும், பூமியின் அடியைப் படம் பிடித்த சில வரைபடங்களும். வரவுப் பக்கம் வெறும் தாள். செலவுப் பக்கமோ நிற்காது. ஆபீஸ், சம்பளம், உரிமத்துக்குக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலே ரிக் வாடகை. அது நாள் கணக்கில் ஓடும். உள்ளே எண்ணெய் இருந்தாலும் தண்ணீர் இருந்தாலும் வாடகை ஒன்றுதான். கடலில் ஒரு கிணறு போட்டால் பல கோடிகள் கரைந்துவிடும்.

பாங்குக்குப் போகலாமே என்றால், கிட்டங்கியில் மூட்டை அடுக்கியிருந்தால் அதன் பேரில் நமக்குக் கடன் கொடுப்பார்கள். உள்ளே சரக்கு இருக்கிறதா என்று சொந்தக்காரனுக்கே தெரியாத கிட்டங்கியின் பேரில் எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்? எண்ணெய் இருப்பது நிரூபணம் ஆன பிறகு பாங்கும் கொடுக்கும். அப்போதும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உள்ளே எவ்வளவு இருக்கிறது, விலை என்ன என்று பார்த்து, கடன் வரம்பைக் கூட்டும் அல்லது குறைக்கும். 2014 நடுவில் ஒரு பீப்பாய் 110 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே வந்தது. வரம்பை நம்பி நின்றவர்கள் அந்த நேரம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

அதனால் தேடும் காலத்துக்குப் பணம் வரும் முதல் வழி, புதுப் பங்கு அச்சடிப்பதுதான். அச்சடிப்பது என்று நான் கேலியாகச் சொல்லவில்லை. எண்ணெய் கிடைக்காமல் போகும் வாய்ப்பே அதிகமான தொழிலில் கடன் வாங்கிச் செய்வது பைத்தியக்காரத்தனம். வந்தால் பங்கு, போனால் போயிற்று என்று தெரிந்து வருகிற முதல்தான் அதற்குப் பொருத்தம். பெரிய கம்பெனிகள் வேண்டாம் என்று விட்ட இடங்களில் சிறு கம்பெனிகள் துணிந்து தோண்டி எண்ணெய் எடுத்ததும் உண்டு. அவர்கள் எல்லாரும் மோசக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் பங்கு போட்டவனுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். நான் வாங்கியபோது என் கம்பெனிக்கு 4 கோடிப் பங்குகள். என் 5,000 பங்கு, கம்பெனியில் எட்டாயிரத்தில் ஒரு பாகம். முதல் கிணற்றுக்குப் பணம் போதவில்லை என்று புதுப் பங்கு வெளியிட்டார்கள், மார்க்கெட் விலையை விடக் குறைத்து. இரண்டாம் கிணற்றுக்கு மறுபடி வெளியிட்டார்கள், இன்னும் குறைத்து. நான் விற்கும்போது மொத்தம் 19 கோடிப் பங்குகள். என் 5,000 பங்கு அப்படியேதான் இருக்கிறது. அது இப்போது முப்பத்தெட்டாயிரத்தில் ஒரு பாகம். நாலு பேர் கூட்டாக வைத்த கடையில், ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லாவில் அதே காசுதான். வந்த எண்ணெயை 19 கோடியால் வகுத்தால் எனக்கு என்ன மிஞ்சும்?

அந்தப் புதுப் பங்கை எல்லாருக்கும் அவரவர் பங்குக்குத் தக்கபடி கேட்டுக் கொடுத்தால் அது உரிமைப் பங்கு. பணம் கட்டினால் நம் பாகம் குறையாது. கட்ட முடியாதவன் உரிமையை விற்றாவது ஏதோ பார்க்கலாம். அப்படி இல்லாமல் சிலருக்கு மட்டும் ஒதுக்குவது முன்னுரிமை ஒதுக்கீடு. அதற்கு நம்மிடம் சம்மதம் கேட்டு நோட்டீஸ் வரும். எனக்கும் இரண்டு தடவை வந்தது. கனத்த தாள். படிக்கவில்லை. கடைப் பையன் பொட்டலம் மடிக்க எடுத்துக்கொண்டான்.

இதில் வாரண்ட் என்று ஒன்று உண்டு. நம் நாட்டில் நால்வரில் ஒரு பங்குப் பணத்தை முன்னால் கட்டி வாங்கி வைத்துக்கொள்ளலாம். பதினெட்டு மாதத்துக்குள் மீதியைக் கட்டிப் பங்காக மாற்றலாம். கிணற்றில் எண்ணெய் வந்து விலை ஏறினால் மாற்றுவார்கள். வராவிட்டால் முன்பணத்தோடு போகும். பெரிய முதலாளிக்கு முன்பணத்தோடு நஷ்டம் நிற்கிறது, முழுப் பணம் கட்டிய நமக்கு அப்படி நிற்பதில்லை.

அதைவிட மோசமான கடன் ஒன்று வெளிநாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. கடன் கொடுத்தவர் பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார். அன்றைய மார்க்கெட் விலையில் பத்து சதம் குறைத்துப் பங்காக எடுத்துக்கொள்வார். 10 கோடி கடன் என்று வையுங்கள். பங்கு 20 ரூபாயாக இருந்தால் அவருக்கு 18 ரூபாய்க் கணக்கில் 55 லட்சம் பங்கு கொடுத்தால் தீர்ந்தது. அவர் எடுத்த பங்கை உடனே விற்பார், விலை இறங்கும். 5 ரூபாய்க்கு வந்துவிட்டால் அதே 10 கோடிக்கு 2 கோடியே 22 லட்சம் பங்கு கொடுக்க வேண்டும். விலை இறங்க இறங்க அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. இருக்கிறவன் பாகம்தான் தேய்கிறது. மீட்டர் வட்டிக்காரன் இதற்கு எவ்வளவோ தேவலை.

கௌரவமான வழி ஒன்று இருக்கிறது. அது நமக்கு நன்றாகத் தெரிந்த வழி. நிலம் இருக்கிறது, உழுது போட வசதி இல்லை என்றால் வாரத்துக்கு விடுகிறோம் அல்லவா? அதேதான். உரிமத்தில் பாதிக்கு மேல் பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிட்டால், தோண்டும் செலவை அது ஏற்கும். பங்குகளின் எண்ணிக்கை கூடாது. விளைச்சலில் வாரம் போய்விடும், அவ்வளவுதான்.

இந்த விஷயங்களை எனக்கு விளக்கிச் சொன்னவன் என் தங்கை மகன். ஸ்காட்லாந்தில் அபர்டீன் என்ற ஊரில் கணக்கு வேலை பார்க்கிறான். மிளகாய்க்கும் பருப்புக்கும் விருதுநகர் எப்படியோ, வடகடல் எண்ணெய்க்கு அபர்டீன் அப்படி. நம் நாட்டில் தேடும் வேலையில் பெரும்பகுதியை அரசாங்கக் கம்பெனிகள் செய்கின்றன. அங்கே சிறு கம்பெனிகள் லண்டன் பங்குமார்க்கெட்டில் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தோண்டுகின்றன. "நடந்த கதையையே சொல்றேன் மாமா, உங்களுக்கே புரியும்" என்று அவன் சொன்ன கதைகள் இவை. எல்லாம் பகிரங்கமாக நடந்தவை.

தென் அட்லாண்டிக் கடலில் பாக்லாந்து தீவுகள். 2010 தொடக்கத்தில் ஸ்காட்லாந்திலிருந்து ஒரே ஒரு ரிக்கை அவ்வளவு தூரம் இழுத்துப்போய், டிசையர் பெட்ரோலியம், ராக்ஹாப்பர் என்ற சிறு கம்பெனிகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தின. 2010 டிசம்பர் முதல் வாரத்தில் டிசையர் கம்பெனி, ரேச்சல் நார்த் என்ற கிணற்றில் எண்ணெய் கண்டதாக அறிவித்தது. பங்கு எகிறியது. சில நாள்தான். நாங்கள் பார்த்தது பெரும்பாலும் தண்ணீர் என்று மறு அறிவிப்பு வந்தது. பங்கு பாதியளவு சரிந்தது. 2013-இல் அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து பெயரே இல்லாமல் போயிற்று.

தண்ணீர் வந்தவன் நஷ்டப்பட்டான், அது சரி. எண்ணெய் கண்டவன்? ராக்ஹாப்பர் 2010 மே மாதம் சீ லயன் என்ற இடத்தில் உண்மையிலேயே பெரிய எண்ணெய் வளம் கண்டது. எடுக்கப் பணம் இல்லை. 2012-இல் 60 சதத்தைப் பிரீமியர் ஆயில் என்ற பெரிய கம்பெனிக்கு வாரத்துக்கு விட்டது. அவர்கள் 23 கோடி டாலர் ரொக்கம் கொடுத்து, மேற்கொண்டு செலவிலும் பெரும் தொகையை ஏற்பதாகச் சொன்னார்கள். நல்ல பேரம்தான். ஆனால் விலை வீழ்ச்சி வந்தது, வேலை தள்ளித் தள்ளிப் போனது, பிரீமியரே பிறகு வேறொரு கம்பெனியோடு இணைந்து விலகிக்கொண்டது. வேறு கூட்டாளி வந்தார். எண்ணெய் கண்டு 15 வருஷம் ஆன 2025 மே மாதத்திலும் அங்கிருந்து ஒரு பீப்பாய் விற்பனைக்கு வந்திருக்கவில்லை. 15 வருஷம் கிட்டங்கியில் சரக்கு, விற்க வழி இல்லை என்றால் நம்மில் யார் தாங்குவோம்?

இன்னொரு கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹரிக்கேன் எனர்ஜி என்று ஒரு கம்பெனி. 2005-இல் தொடங்கியது. ஷெட்லாந்து தீவுகளுக்கு மேற்கே கடலடியில், எல்லாரும் வெறும் பாறை என்று விட்ட இடத்தில், பாறை வெடிப்புகளில் எண்ணெய் இருக்கும் என்று தேடி, லங்காஸ்டர் என்ற வயலைக் கண்டார்கள். 2014-இல் 43 பென்ஸ் விலையில் பங்குகளை மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பவுனில் நூறில் ஒரு பாகம் ஒரு பென்ஸ். 2016-இல் பணம் தேவைப்பட்டபோது புதுப் பங்கு போன விலை 15 பென்ஸ். 2017-இல் எண்ணெய் எடுக்கும் கட்டத்துக்கு வந்து 53 கோடி டாலர் திரட்டினார்கள். அதில் 30 கோடி 32 பென்ஸ் விலையில் புதுப் பங்கு, 70 கோடிப் பங்குகளுக்கும் மேல். மீதி 23 கோடி கடன் பத்திரம். வட்டி 7.5 சதம். 2022 ஜூலையில் முழு அசலையும் திருப்ப வேண்டும். விலை ஏறினால் அதைப் பங்காக மாற்றிக்கொள்ளலாம், இறங்கினால் பணமாகக் கேட்கலாம் என்பது கடன் கொடுத்தவர் வசதி. வட்டி மட்டும் வருஷத்துக்கு 1 கோடியே 72 லட்சம் டாலர்.

2019 ஜூனில், வாடகைக் கப்பல் ஒன்றைக் கிணறுகளுக்கு மேலே நிறுத்தி, எண்ணெய் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கொண்டாட்டம். ஒரு வருஷத்துக்குள் ஒரு கிணற்றில் தண்ணீர் அதிகமாக வந்தது. ஆராய்ந்து பார்த்தால், எண்ணெய்க்கும் அதன் கீழே இருக்கும் தண்ணீருக்கும் இடையிலான எல்லை, நினைத்ததை விட மேலே இருக்கிறது. 50 கோடிப் பீப்பாய்க்கு மேல் என்று 2017-இல் சொன்ன மதிப்பில் பெரும்பகுதியை 2020 செப்டம்பரில் வெட்டினார்கள். அதே வருஷம் கொரோனாவில் எண்ணெய் விலையும் படுத்தது.

கடன் கெடு நெருங்கியது. 2021-இல் நிர்வாகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கடன் பத்திரம் வைத்திருப்பவர்கள் 5 கோடி டாலரை விட்டுக்கொடுப்பார்கள், மீதிக்குக் கெடு நீட்டுவார்கள். அதற்குப் பதிலாகக் கம்பெனியில் 95 சதம் அவர்களுக்கு. பழைய பங்குதாரர் எல்லாருக்கும் சேர்த்து 5 சதம். பங்குதாரர் கூட்டத்தில் விழுந்த ஓட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எதிர்ப்பு. இருந்தாலும் அவர்கள் சம்மதம் இல்லாமலே கோர்ட் அனுமதித்தால் போதும் என்று அந்த நாட்டில் 2020-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. கோர்ட்டுக்குப் போனார்கள்.

லண்டன் ஹைகோர்ட் 2021 ஜூன் 28-ஆம் தேதி மறுத்துவிட்டது. எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருக்கிறது, கெடுவுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, கம்பெனி தொடர்ந்து சம்பாதித்துக் கடனைக் கணிசமாக அடைக்க வாய்ப்பு இருக்கும்போது, இந்தத் திட்டத்தால் பங்குதாரருக்கு நஷ்டம் கூடாது என்று சொல்ல முடியாது என்பது நீதிபதி சொன்ன காரணத்தின் சாரம். நிர்வாகமும் கடன்காரரும் சேர்ந்து கைகழுவியவர்களை ஒரு தீர்ப்பு காப்பாற்றியது. எண்ணெய் விலை மேலும் ஏறியது. கம்பெனி தன் கடன் பத்திரங்களைத் தள்ளுபடி விலையில் வாங்கிக் குறைத்து, மீதி நின்ற 7 கோடியே 85 லட்சம் டாலரை 2022 ஜூலையில் சொன்ன தேதியில் கட்டி முடித்தது.

"அப்போ ஜெயிச்சுட்டாங்களே" என்றேன். "எங்கே மாமா ஜெயிச்சாங்க?" என்றான் மருமகன். 2023-இல் பிராக்ஸ் என்ற குழுமம் அந்தக் கம்பெனியை வாங்கியது. பிற்பாடு வரக்கூடிய தொகை எல்லாம் சேர்த்து, அதிகபட்சமாகப் பங்குக்கு 12.5 பென்ஸ் கணக்கு. 43-க்கு வாங்கியவரும் இருந்தார், 32-க்கு வாங்கியவரும் இருந்தார். 95 சதம் பறிபோவதிலிருந்து தப்பியும் அவர்களுக்கு நஷ்டம்தான். 2021-இன் பீதியில் அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்களுக்கு லாபம்.

நம் கரையிலும் இப்படிப் பாறை வெடிப்பில் எடுத்த வாயு உண்டு. 1983-இல் எச்.டி. பாரேக் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்ப்ளோரேஷன் கம்பெனி, காவிரிப் படுகைக் கடலில் பி.ஒய்.1 வயலிலிருந்து 2009-இல் வாயு எடுத்து, தரங்கம்பாடிப் பக்கம் பிள்ளைப்பெருமாள்நல்லூருக்குக் கொண்டுவந்தது. நான் பணம் விட்டது இது அல்ல, தவறாக நினைக்க வேண்டாம். 2008-இல் இவர்கள் 3 பங்குக்கு 2 பங்கு என்று உரிமைப் பங்குதான் கொடுத்தார்கள். எல்லாரையும் கேட்டுச் செய்த முறை. ஆனாலும் கீழே இருந்த வாயு எதிர்பார்த்த அளவு இல்லை என்று பின்னால் தெரிந்தது. பாறை நியாயம் பார்த்துக் கொடுக்காது. பணம் திரட்டும் முறையிலாவது நியாயம் இருக்கிறதா என்று நாம் பார்க்கலாம்.

எங்கே பார்ப்பது? ஐந்தொகையில். எண்ணெய் எவ்வளவு என்ற பக்கத்தை நான் இப்போது திறப்பதே இல்லை, அது அவர்கள் ஆசை. கையில் ரொக்கம் எவ்வளவு, வருஷத்துக்கு எவ்வளவு கரைகிறது, அடுத்த கிணற்றுக்குப் பணம் யாருடையது என்று பார்க்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன் எத்தனை பங்கு, இன்று எத்தனை என்பது ஒரே வரியில் கிடைக்கும். கடன் பத்திரம் இருந்தால் அதன் கெடு தேதியைப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்கிறேன். எண்ணெய் வந்தாலும் பணம் முதலில் அவர்களுக்கு, பிறகுதான் நமக்கு. சரக்கு பிடிக்கும் பணத்தை, பிள்ளை படிப்புப் பணத்தை இதில் போடுவது என் கணக்கில் வியாபாரம் அல்ல. போனால் போகட்டும் என்ற காசு இருப்பவர் போடட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

தீபாவளிக் கடைக்காரரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பாக்கியை ஆறு தவணையாக்கினேன். நாலு வந்துவிட்டது. பங்குகளில் பாதியை விற்றிருக்கிறார், மீதியை விற்க மனம் வரவில்லை. போன வாரம் மண்டிக்கு வந்தவர் போனை நீட்டினார். அந்தக் கம்பெனியிலிருந்து விசேஷப் பொதுக்கூட்ட நோட்டீஸ். நாற்பத்திரண்டு பக்கம். முன்னுரிமை ஒதுக்கீட்டுக்குச் சம்மதம் கேட்டு வந்திருக்கிறது. விழும் ஓட்டில் முக்கால் பங்கு ஆதரவு இருந்தால்தான் செல்லும், இந்தப் போனிலேயே ஓட்டுப் போடலாம். "என்னோட ஒரு ஓட்டுல என்ன ஆகும் அண்ணாச்சி?" என்றார். முதலில் படிப்போம் என்றேன். தாளில் அச்செடுத்து வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு லீவு, அன்றைக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து படிக்கிறோம்.